திருத்தி அனுப்பிய கடிதம்

பாய்லர்காரர் மேனேஜருக்கு எழுதியது மூன்றே வரி. "வால்வு ஒழுகுகிறது. இரண்டு முறை சொல்லிவிட்டேன். யாராவது வெந்து சாகட்டும் என்று காத்திருக்கிறீர்களா?"

அந்தச் சலவை ஆலையில் எந்தக் கடிதமானாலும் ஏஐ செயலியில் கொடுத்துத் தொனியை மாற்றித்தான் அனுப்ப வேண்டும். அவருடைய வாய்க்குப் பயந்தே மேனேஜர் போட்ட உத்தரவு அது. பாய்லர்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு பொத்தானை அழுத்தினார். திருத்தி வந்ததைப் படிக்காமலே அனுப்பிவிட்டார்.

நான்காம் நாள் வால்வு பிய்த்துக்கொண்டது. அங்கே துணி மடிக்கும் அவருடைய மச்சினிக்கு நீராவி பட்டுக் கை முழங்கை வரை வெந்துபோனது.

அவர் மேனேஜர் அறைக்குள் கதவைத் தட்டாமல் நுழைந்தார். மேனேஜர் நிதானமாகக் கடிதத்தைத் திருப்பிக் காட்டினார்.

"'நேரம் கிடைக்கும்போது வால்வைப் பார்த்தால் மகிழ்வேன்'னு எழுதியிருக்கீங்க. நேரம் கிடைக்கல."

"நான் எழுதினது இது இல்லன்னு உனக்கே தெரியும்."

"உங்க பேர்லதானே வந்திருக்கு? மரியாதையாப் பேசுங்க."

"உனக்கென்ன மரியாதை?"

கீழே இறங்கிப்போய், பழைய வால்வையே இறுக்கிக் கட்டி மறுபடி ஓட்டிக்கொண்டிருந்த பாய்லரை அணைத்தார். புது வால்வு மாட்டாமல் பற்றவைத்தால் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போவேன் என்று எல்லோர் காதிலும் விழச் சொன்னார். மறுநாளே புது வால்வு வந்தது. அவருக்கு வேலை போனது.

ஆஸ்பத்திரியில் மச்சினியிடம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். அவள் மேனேஜரைத் திட்டவில்லை.

"படிச்சுப் பாக்க ஒரு நிமிஷம் ஆகியிருக்குமா மாமா?" என்று கேட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.