டம் வெயிட்டர் மாட்டிக்கிச்சு

அந்தப் பெரிய ஓட்டலின் நிலவறைச் சமையலறையில் காய் நறுக்கும் வேலைக்கு அவள் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. சேர்த்துவிட்டவன் அவளுடைய தம்பி. இரண்டு மாடி மேலே இருக்கும் சாப்பாட்டுக் கூடத்தில் பரிமாறுகிறவன். பிறவியிலேயே பேச்சு வராது, ஆனால் காது பாம்புக் காது. வருகிறவர்கள் மெனு அட்டையில் விரல் வைத்தால் போதும், தட்டு வந்து நிற்கும். ஆறு வருஷமாக அங்கே இருக்கிறான். சமையலறை ஆட்கள் அவனிடம் கையை ஆட்டி ஆட்டிப் பேசுவதைப் பார்த்து, எவ்வளவு நல்ல மனிதர்கள் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அன்று மத்தியானம் கூட்டம் நெரிந்தது. அவள் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். சுவரில் இருந்த போன் அடித்தது. அடுப்பருகே நின்ற மாஸ்டர் எட்டி எடுத்தார்.

"என்னது, டம் வெயிட்டர் மாட்டிக்கிச்சா? ரெண்டு மாடிக்கும் நடுவுலயா?"

அவள் கை நின்றது.

"சத்தம் ஏதாச்சும் வருதா? வரலையா? கம்பியை விட்டு நல்லா குத்திப் பாருங்க. அப்பவும் அசையலைன்னா அப்படியே கெடக்கட்டும். சாயங்காலமா வெளிய எடுத்துக்கலாம். இப்ப யாருக்கு நேரம் இருக்கு?"

அவளுக்கு இங்கிலீஷ் அதிகம் தெரியாது. ஆனால் 'டம்' தெரியும். ஊமை. தம்பியைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போன நாளிலிருந்து அவள் காதைச் சுட்ட வார்த்தை அது. வெயிட்டர் என்றால் பரிமாறுகிறவன், அது யாருக்கும் தெரியும். இரண்டையும் சேர்த்தால் இந்தக் கட்டடத்தில் வேறு யார்? அதிலும், மனுஷனைப் போய் 'மாட்டிக்கிச்சு' என்கிறார், ஏதோ மாடு மாட்டிக்கொண்ட மாதிரி!

கத்தியோடு எழுந்து படிக்கட்டுக்கு ஓடினாள். "ஏம்மா, எங்க போற?" என்ற மாஸ்டரின் குரல் பின்னால் கேட்டது, காதில் ஏறவில்லை.

மேல்மாடி நடையில், சுவரில் இருந்த ஒரு சின்னக் கதவுக்குள் இரும்புக் கம்பியை விட்டு இரண்டு பேர் மாங்குமாங்கென்று குத்திக்கொண்டிருந்தார்கள். உள்ளே ஒரே இருட்டு. கம்பியை வெளியே இழுத்தபோது அதன் நுனியிலிருந்து சிவப்பாக ஏதோ சொட்டியது.

"அடப்பாவிகளா! நிறுத்துங்கடா! அவனால கத்தக்கூட முடியாதுடா!"

கம்பியைப் பிடுங்கி எறிந்தாள். தலையை அந்த இருட்டுக்குள் நுழைத்து, "கண்ணு, அக்கா வந்துட்டேன்டா, தட்டுடா, எங்கயாச்சும் தட்டிக் காட்டுடா" என்று அலறினாள். கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். சூப்பர்வைசர் ஓடிவந்தார்.

"யாரும்மா நீ? மொதல்ல அந்தக் கத்தியைக் கீழ போடு!"

"உள்ள என் தம்பி..."

பின்னாலிருந்து ஒரு கை அவள் தோளைத் தொட்டது. திரும்பினாள். ஒரு கையில் எச்சில் தட்டுகளோடு, புருவத்தை உயர்த்தியபடி தம்பி நின்றுகொண்டிருந்தான்.

அவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

விஷயம் புரிந்ததும் சூப்பர்வைசர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அய்யோ, அது ஆள் இல்லம்மா. சாப்பாட்டை மேலயும் கீழயும் கொண்டு போற குட்டி லிஃப்ட். வாயைத் திறக்காம பரிமாறுதுல்ல, அதான் இங்கிலீஷ்ல டம் வெயிட்டர்னு பேர் வெச்சுட்டாங்க. சொட்டினது தக்காளி சூப்பு."

கம்பி பிடித்திருந்த இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளும் அழுதுகொண்டே சிரித்தாள். போன உயிர் திரும்பி வந்த சிரிப்பு.

தம்பி மட்டும் சிரிக்கவில்லை. தட்டுகளை மேஜைமேல் வைத்தான். அக்காவைப் பார்த்துக் கைகளை அசைக்க ஆரம்பித்தான், நிதானமாக, ஒன்று விடாமல். அவள் சிரிப்பு பாதியில் நின்றது.

"என்னம்மா சொல்றாரு?" என்றார் சூப்பர்வைசர்.

"அந்தப் பேரு லிஃப்டுக்கு மட்டும் இல்லையாம் சார்" என்றாள். "இவன் கீழ சாப்பிட வந்தா, 'டம் வெயிட்டர் வந்துடுச்சு, தீனி போடுங்க'ன்னு மாஸ்டர் சொல்வாராம். இவங்க ரெண்டு பேரும் சிரிப்பாங்களாம். அந்த வார்த்தைக்கு முட்டாள்னும் ஒரு அர்த்தம் இருக்காமே? அதையும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்களாம்."

கம்பிக்காரர்களில் ஒருவன் சிரிப்பதை நிறுத்தினான். "அது எப்படி... அவருக்குத்தான் காது கேக்காதே?"

"யாரு சொன்னா? பேச்சுதான் வராது. காது உங்களைவிட நல்லாவே கேக்கும்."

ஆறு வருஷமாக அவன் முன்னால் என்னென்ன பேசினோம் என்று ஒவ்வொருவரும் மனதுக்குள் புரட்டிப் பார்ப்பது வெளியே தெரிந்தது. ஒருவன் மெல்ல வந்து தம்பியின் கையைப் பிடித்தான். "அண்ணே, என் பொண்டாட்டியைப் பத்தி நான் சொன்னதை வெளிய சொல்லிடாதீங்க" என்றான். அதற்குள் மூச்சிரைக்க மேலே வந்திருந்த மாஸ்டர், விஷயத்தைக் கேட்டதும் படியிலேயே பொத்தென்று உட்கார்ந்தார். சூப்பர்வைசரைக் கிண்டல் செய்தது, முதலாளியைத் திட்டியது, எல்லாம் அவருக்கு வரிசையாக நினைவு வந்திருக்க வேண்டும். வியர்வையைத் துடைத்துக்கொண்டே, "தப்பு பண்ணிட்டேன் தம்பி" என்றார். தம்பி தலையை அசைத்தான். மன்னித்தானா, கேட்டுக்கொண்டேன் என்றானா, அவருக்குத் தெரியவில்லை.

சூப்பர்வைசர் அன்றே உத்தரவு போட்டார்: இனி அது வெறும் லிஃப்ட்.

வேலை முடிந்து இருவரும் பஸ் நிறுத்தத்தில் நின்றபோதும் அவளுக்கு மனசு ஆறவில்லை. கூடப்பிறந்தவன், அவன் விரல் அசைந்தாலே அர்த்தம் தெரியும் என்று பெருமையடித்தவள் அவள். இத்தனை வருஷம் அந்தச் சிரிப்புக்கு நடுவில் உட்கார்ந்து அவன் சோறு தின்றிருக்கிறான். ஒரு நாளும் சொல்லவில்லை.

"ஏன்டா எங்கிட்ட மறைச்ச?"

உன்னிடம் சொல்லியிருந்தால் நீ சண்டைக்குப் போவாய், எனக்குக் காது கேட்பது தெரிந்துவிடும், அப்புறம் என் முன்னால் பேசுவதை விட்டு முதுகுக்குப் பின்னால் பேசுவார்கள், யார் எப்படி என்று தெரியாமல் போயிருக்கும் என்று கை காட்டினான்.

"அந்த இடமே நமக்கு வேணாம்டா. நாளைக்கே வேற வேலை தேடலாம்."

வேண்டாம் என்று அவன் அவசரமாகத் தலையை ஆட்டினான். கண்ணில் குறும்பு. நாளையிலிருந்து மாஸ்டர் என்னைப் பார்த்து எப்படி முழிக்கிறார் என்று நான் பார்க்க வேண்டாமா?

அவள் அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.