மேட்னிக்கு அப்பா, ஃபர்ஸ்ட் ஷோவுக்கு மகன்

கோமதியம்மாள் போய்ச் சேர்ந்த பிறகு, அவள் புருஷன் ஆவுடையப்பனுக்கும் மகன் சைலப்பனுக்கும் நடுவில் பேச்சைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலையை, செண்பகா தியேட்டரில் ஓடிய படத்தின் அம்மா ஏற்றுக்கொண்டாள்.

சங்கரன்கோவிலில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்பனும் மகனும் முகம் பார்க்காத வீட்டில் யாராவது ஒருத்தி நடுவில் நிற்கத்தானே வேண்டும்? தாலுகா ஆபீஸ் வேலையை உதறிவிட்டு சைலப்பன் வண்ணமீன் கடை வைத்த நாளிலிருந்து பன்னிரண்டு வருஷம். ஒரே கூரைக்குக் கீழே, "அவன்ட்ட சொல்லு", "அவர்ட்ட சொல்லும்மா" என்றே காலம் ஓடியது.

படமும் முறைத்துக்கொண்ட அப்பா மகன் கதைதான். ஆவுடையப்பன் மேட்னிக்குப் போவார். அம்மா அடுப்படியில் அழுகிற கட்டத்தில், மூக்கைச் சிந்திவிட்டு அவள் திரையோரம் வந்து குனிவாள். "தண்ணி மோட்டார் ஓடலைன்னு அவன்ட்ட சொல்லிரும்மா" என்பார். ஃபர்ஸ்ட் ஷோவில் அதே கட்டத்தில் அவள் சைலப்பனிடம் சொல்லிவிடுவாள். ஜனங்கள் அந்த நேரம் பார்த்து முறுக்கு வாங்கப் போவார்கள்.

படம் வந்த நாற்பத்தோராம் நாள் அவள் ஒரு சேதி கொண்டுவந்தாள். சைலப்பன் கடையை மதுரைக்கு மாற்றுகிறான். வெள்ளிக்கிழமை கிளம்புகிறான். ஆவுடையப்பன் 'போகாதே' என்று சொல்லி அனுப்ப வாயைத் திறந்தார். "மோட்டார் இப்ப ஓடுதுன்னு சொல்லு" என்றுதான் வந்தது. சீ, என்ன மனுஷன்!

மறுநாள் வியாழன் மேட்னியோடு படத்தை எடுக்கிறார்கள். அதனால் இரண்டு பேரும் அதே காட்சிக்கு வந்து, ஒரே வரிசையில் இந்த மூலையும் அந்த மூலையுமாக உட்கார்ந்தார்கள்.

அழுகிற கட்டம் வந்தது. அம்மா அழவில்லை. இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"உங்களுக்கு அலைஞ்சதுல என் வீட்டைக் கோட்டை விட்டுட்டேன். எங்க வீட்டு ஆம்பளைங்க ரெண்டு பேரும் கிளைமாக்ஸுல பேச மாட்டேங்காங்க. இன்னைக்கு நீங்க நடுவுல நில்லுங்க."

நியாயம்தான். படத்து அப்பா, ஆவுடையப்பன் பக்கமாக வந்து குனிந்தார். படத்து மகன், சைலப்பன் இருந்த மூலைக்குப் போய் முதுகைக் காட்டி நின்றான்.

"என் மகன்ட்ட போக வேண்டாம்னு உங்க மகனைச் சொல்லச் சொல்லுங்க" என்றார் படத்து அப்பா.

ஆவுடையப்பன் எழுந்தார். பதினாறு நாற்காலி தாண்டிப் போனார். பார்த்தவர்கள் காலை மடக்கிக்கொண்டார்கள்.

"ஏல, போவாதங்காரு."

சைலப்பன் நிமிர்ந்து பார்த்தான். "யாரு?"

ஆவுடையப்பன் திரையைக் காட்டினார். "அவருந்தான்" என்றார். அப்புறம், "நானுந்தாம்ல."

சைலப்பன் திரையைப் பார்த்து அதைச் சொன்னான். அங்கே என்ன பதில் வந்ததென்று இவர் கவனிக்கவில்லை.

"சரிப்பா" என்றான் சைலப்பன்.

வெள்ளிக்கிழமை புதுப்படம், ஒரே வெட்டுக்குத்து. இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். சந்தைச் சண்டையின் நடுவே கோமதியம்மாள் கொத்தமல்லிக் கட்டோடு குறுக்கே வந்தாள். நின்று இவர்களைப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்ல, நீ போ" என்றார் ஆவுடையப்பன்.

அடியாட்கள் அரிவாளைத் தாழ்த்தி அவளுக்கு வழி விட்டார்கள்.