சின்ன வளையம்

மதியத்திலிருந்து இது மூன்றாவது முறை. எதிர்வீட்டுக் கதவின் சின்ன வளையம் டிங், டிங் என்று ஒலித்தது. மொட்டைமாடியில் பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த நுஹைலாவின் விரல்கள் அப்படியே நின்றுவிட்டன. எட்டிப் பார்த்தாள். சந்தில் முதுகுப்பை மாட்டிய இருவர், கையில் போன், முகத்தில் சிரிப்பு. அந்த வீட்டுக்குள்ளே, சந்தே மரியாதையாக 'லல்லா' என்றழைக்கும் பத்தூலின் செருப்புகள் படிகளில் தடதடவென்று இறங்கின. அறுபது வயது முழங்கால்கள். நடுவில் ஒரு படியில் செருப்பு வழுக்கிய சத்தம்.

ஃபெஸ் நகரின் அந்தச் சந்தில் ஒவ்வொரு கதவிலும் தட்டுவதற்கு இரண்டு வளையங்கள்: பெரியது அந்நியருக்கு, சின்னது வீட்டு மனிதருக்கு. பத்தூலின் வீட்டில் சின்னதைத் தட்ட மிஞ்சியிருப்பவன் மகன் சுஃபியான் ஒருவன்தான். ஐந்து மாதத்துக்கு முன் ஸ்பெயினுக்குப் படகேறியவன். போனவனிடமிருந்து ஒரு சொல்கூட வரவில்லை.

கதவு திறந்தது. முக்காடு போடவும் மறந்து நின்ற பத்தூலிடம் அந்த இருவரும் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு, போனில் அடுத்த இடத்தைத் தேடிக்கொண்டே நகர்ந்தார்கள்.

சுற்றுலா வருகிறவர்கள் போனில் வரும் புதிர்களை அவிழ்த்தபடி, நடந்துகொண்டே ஊரைப் பார்க்கும் விளையாட்டு அது. அதன் ஏழாவது புதிர் நுஹைலா எழுதியது. 'பெரிய வளையத்தை விடுங்கள். சின்னதைத் தட்டிக் கேளுங்கள். எந்தப் பறவையின் குரல்?' போன வருடம் அதை எழுதும்போது சுஃபியான் வீட்டில்தான் இருந்தான். வருகிறவர்களுக்கு அவனே கதவைத் திறந்து கிளிபோலக் கத்திக் காட்டியிருப்பான். விளையாட்டு போனுக்கு வந்ததோ இந்த வாரம். எழுதியது யார் என்று சந்தில் ஒருவருக்கும் தெரியாது.

அந்தப் புதிரை எடுத்துவிடும்படி விளையாட்டுக் கம்பெனியின் நௌஃபலுக்குக் காலையிலேயே சொல்லியிருந்தாள். பதில் குரலாக வந்தது: "அந்தக் கேள்விக்குத்தான்மா எல்லாரும் அஞ்சு நட்சத்திரம் போடறாங்க! நீ என்னடான்னா ஒப்பாரி வைக்கறே. சரி சரி, புதன்கிழமை தூக்கிடறேன்."

புதனுக்கு இன்னும் நான்கு நாள். அதற்குள் எத்தனை முறை அந்தப் படிகள்?

சமையலறையில் கிடந்த பழந்துணியைக் கிழித்து எடுத்துக்கொண்டு கீழே ஓடினாள். சத்தம் வராமல் சின்ன வளையத்தைச் சுற்றிக் கட்டினாள். முடிச்சு விழ மறுத்தது. அப்போது கதவு திறந்தது. பத்தூல் மேலே போகவேயில்லை. கதவுக்குப் பின்னாலேயே நின்றிருக்கிறாள்.

அவள் துணியைப் பார்த்தாள். பிறகு நுஹைலாவைப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்தது.

"ஏன்டி கட்டறே?"

"லல்லா, வந்து..."

"இனிமே யாரும் தட்ட வரமாட்டாங்கன்னா? உங்க வீட்டுக்குச் சேதி வந்துடுச்சா? சொல்லு. கடல்லயா?"

"ஐயோ, இல்ல லல்லா! சத்தியமா இல்ல. அந்தப் போன் விளையாட்டு... அதுல தட்டச் சொல்லி எழுதினது நான்தான். நீங்க ஓடி வர்றதைப் பாக்க முடியல."

"பொய் சொல்றே. பள்ளிக்கூடத்தைப் பாதியில விட்டவ நீ. உன்னைக் கூப்பிட்டு எழுதச் சொன்னாங்களாக்கும்!"

"கேள்வியைச் சொல்லட்டுமா? எந்தப் பறவையின்..."

சந்து முனையில் காலடிகள், புரியாத மொழியில் பேச்சு. பத்தூல் துணியைப் பிய்த்து எறிந்தாள். நுஹைலாவின் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். இருட்டு நடையில் இரண்டு பேரின் மூச்சும் ஒன்றாகக் கேட்டது.

"நீ சொல்றது நெசம்னா," என்றாள் பத்தூல், "இப்போ தட்டுவாங்க."

வெளியே யாரோ சிரித்தார்கள். போன் ஒன்று கிணுகிணுத்தது. தட்டிவிட வேண்டுமே என்று நுஹைலா வேண்டிக்கொண்டாள். தட்டிவிடக் கூடாதே என்றும் பயந்தாள்.

டிங், டிங்.

மணிக்கட்டில் பத்தூலின் நகங்கள் பதிந்தன. அவள் நுஹைலாவையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கால் மட்டும் கதவை நோக்கி ஓரடி எடுத்து வைத்தது.