செல்ஃப் எடுக்காத வண்டி

குத்தாலம் பட்டறை வாசலில் வந்து நின்ற லாரியைப் பார்த்ததும் வீரையனுக்குக் கை ஓடவில்லை. பச்சை வண்டி நீலமாகியிருந்தது. பாபநாசம் வியாபாரி ஒருவர் வாங்கிப் பேரையும் மாற்றி எழுதியிருந்தார். ஆனால் எந்தச் சாயம் பூசினாலும் அந்த நெளிந்த பம்பரை அவனுக்குத் தெரியும். இரண்டரை வருஷத்துக்கு முன் அவன் தம்பி ரெத்தினம் அதன் சீட்டில்தான் ரத்தம் வடிந்து செத்துப்போனான்.

இறங்கியவன் தியாகேசன். அதே டிரைவர்.

“செல்ஃப் எடுக்க மாட்டேங்குது. ஒரு நேரம் எடுக்குது, ஒரு நேரம் டக்குனு ஒரு சத்தம், அவ்வளவுதான். மோட்டார் மாத்தியாச்சு, பேட்டரி மாத்தியாச்சு.”

“என்கிட்ட எதுக்கு வந்தீங்க? இந்த ஜில்லாவுல வேற ஆளே இல்லையா?”

“உனக்குக் காட்டணும்னுதான் வந்தேன். அன்னைக்கும் இதே டக்குதான்ப்பா.”

வீரையனுக்கு வாயைத் திறந்தால் கையிலிருக்கும் ஸ்பானர் பேசிவிடும் போலிருந்தது.

அன்று கீழ்வேளூருக்குக் கிழக்கே அவர்கள் ஊரில் தை அறுவடை. சர்க்கார் நிர்ணயித்த கூலியைத் தர மாட்டேன் என்று மிராசுதார் வெளியூர் ஆட்களை இறக்கியிருந்தார். களத்து நெல் ஊரைத் தாண்டக் கூடாது என்று விவசாயக் கூலிகள் சங்கம் முடிவெடுத்தது. வீரையனும் பட்டறைக்கு லீவு போட்டுவிட்டு வந்து வாய்க்கால் பாலத்து மறியலில் உட்கார்ந்தான். உச்சிவேளைக்கு மிராசு லாரியை ஓட்டிய தியாகேசன் களத்துப் பக்கமிருந்து ஓடி வந்தான். ஊருக்குப் புதுசு, யார் பேரும் தெரியாது.

“களத்துல தகராறு, ஒரு ஆளுக்குத் தொடையில அருவா வெட்டுங்க! வண்டியில போட்டிருக்கேன், செல்ஃப் எடுக்கல. பத்துப் பேரு வந்து தள்ளுங்க!”

முந்தின வாரம்தான் மிராசு ஆட்கள் பிரசவ வலி என்று சொல்லி வழி கேட்டார்கள். விட்டால் போனது முப்பது மூட்டை நெல். எல்லோரும் வீரையனைப் பார்த்தார்கள். லாரி கரண்டு வேலையில் அவன் சொன்னால் சொன்னதுதான்.

“காலையில ஜம்முனு ஓடி வந்த வண்டி. அதுக்குள்ள செல்ஃப் போயிடுமா? நாடகம். ஒருத்தரும் நகராதீங்க.”

அரை மணி கழித்துத் தியாகேசன் ரெத்தினத்தைத் தோளில் சுமந்துகொண்டு பாலத்துக்கு வந்தான். அதற்குள் உயிர் போயிருந்தது.

தியாகேசனைத்தான் அடித்தார்கள். மிராசு பேச்சைக் கேட்டு வண்டியை எடுக்காமல் கொன்றான் என்றார்கள். முதலில் அப்படிச் சொன்னவன் வீரையன். சொல்லச் சொல்ல அவனுக்கே அது உண்மையாகிவிட்டது. பாலத்தில் தான் என்ன சொன்னோம் என்பதை அவனும் பேசவில்லை, கேட்டவர்களும் பேசவில்லை. ரெத்தினத்தின் பெண்டாட்டி செவ்வந்தி அந்த டிரைவர் பேரைச் சொல்லி நாள் தவறாமல் மண்ணை வாரித் தூற்றினாள்.

இப்போது வண்டியில் பழுதே இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டுதான் வீரையன் வேலையில் இறங்கினான்.

இருபது தடவை சாவியைத் திருகினான். இருபது தடவையும் எடுத்தது.

“உன்னப் பாத்ததும் நல்ல புள்ளையாயிடுச்சு பாரு,” என்றான் தியாகேசன். “ஒரு சுத்து ஓட்டிட்டு வரேன். சூடு ஏறட்டும்.”

ஓட்டி வந்து நிறுத்தி மறுபடி திருகியபோது, டக். ஹெட்லைட் பளீரென்று எரிந்தது, பேட்டரியில் குறையில்லை. வீரையன் ஒரு சின்ன பல்பை எடுத்து, ஒரு வயரை பேட்டரியின் நெகடிவ் முனையிலும் மற்றதை எஞ்சின் உடம்பிலும் வைத்தான். கரண்டு பேட்டரிக்குத் திரும்பும் வழியான எர்த்து ஒழுங்காக இருந்தால் அந்த பல்பு எரியக் கூடாது.

“திருகுங்க.”

டக். பல்பு எரிந்தது.

அடியில் படுத்து, கியர்பாக்ஸிலிருந்து வண்டியின் அடிச்சட்டமான சேஸுக்குப் போகும் எர்த்துப் பட்டையைத் தேடினான். ஆயுத பூஜைக்கு வருஷா வருஷம் வண்டிக்கு அடியிலும் சாயம் பூசுவார்கள். பூசுகிறவன் பட்டையைக் கழற்றி, சேஸில் சாயத்தை அடித்து, அதன் மேலேயே வைத்து முறுக்கியிருந்தான். இரும்பும் இரும்பும் ஒட்டவில்லை. போல்ட் மரை வழியாகத் தொட்டும் தொடாமலும் கரண்டு போய்க்கொண்டிருந்தது; சூடு ஏறினால் அதுவும் விட்டுப்போகும்.

போல்ட் தலையை நகத்தால் சுரண்டினான். மேலே நீலம். அடியில் விரிசல்கூட விடாத பச்சை. மிராசு காலத்துக்கு அப்புறம் அதை எவனும் தொடவில்லை.

“என்னப்பா, தூங்கிட்டியா?” என்று மேலிருந்து குரல் வந்தது.

வீரையன் போல்ட்டைக் கழற்றினான். இரும்பு வெளுக்கும் வரை உப்புத்தாளால் தேய்த்தான். தேய்த்து முடித்த பிறகும் தேய்த்துக்கொண்டிருந்தான். மாட்டிச் சாவியைத் திருகியதும் சூட்டிலேயே வண்டி எடுத்தது. எத்தனை முறை திருகினாலும் எடுத்தது.

“அன்னைக்கும் இதுதானா?” என்று தியாகேசன் கேட்டான்.

“இதுதாண்ணே.”

தியாகேசன் சந்தோஷப்படவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். “கொலைகாரன்னு சொல்லி என் மவளுக்கு வந்த மூணு எடம் முறிஞ்சிபோச்சு. உன் தம்பி பொண்டாட்டிகிட்ட வந்து ஒரு வார்த்த சொல்லுவியா?”

அதே வண்டியில் போனார்கள். ஊரில் சம்பா நடவு நடந்துகொண்டிருந்தது. தியாகேசன் ரோட்டிலேயே வண்டி ஓரமாக நின்றுகொண்டான். வீரையன் வரப்பில் நின்று செவ்வந்தியைக் கூப்பிட்டுச் சொன்னான். அவள் நாற்றுமுடியைக் கையில் பிடித்தபடி கேட்டாள்.

“அப்ப அந்த ஆளு பொய் சொல்லல.”

“சொல்லல.”

“தள்ளியிருந்தா கெளம்பியிருக்குமா, மச்சான்?”

இல்லை என்று சொல்லிவிடலாம். வண்டியைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்?

“கெளம்பியிருக்கும்.”

“பாலத்துல எத்தன பேரு இருந்தீங்க?”

“நாப்பது பேரு.”

“தள்ள வேணாம்னு யாரு சொன்னா?”

“நாந்தான்.”

நடவு வரிசை அவளை விட்டுவிட்டு நகர்ந்தது. அவள் அவனைத் தாண்டி ரோட்டைப் பார்த்தாள்.

“அண்ணே,” என்று தியாகேசனைக் கூப்பிட்டாள். “வெயில்ல நிக்காதீங்க. மரத்தடியில உக்காருங்க, இந்த வரிசைய முடிச்சிட்டுக் கரை ஏறி வரேன்.”

பிறகு குனிந்து நட ஆரம்பித்தாள். வீரையனிடம் அவள் பேசவில்லை. அதற்கப்புறம் எந்த நாளும் பேசவில்லை.