அவர் சொல்லட்டும்

பேருந்து நிலையத்து விசாரணைக் கவுன்டரில் உட்காரும் அந்த அம்மாளை எல்லோரும் ரேடியோ அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கேட்பவர் ஊர்ப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் பிளாட்பாரம், வண்டி கிளம்பும் நேரம், போன வாரம் அந்த வண்டி நடுவழியில் நின்றுபோன கதை எல்லாம் வந்து விழும். சிலருக்கு, அவர்கள் தூக்கி வரும் பையைப் பார்த்தே பதில் சொல்லிவிடுவாள். முக்கால்வாசி சரியாகவும் இருக்கும்.

அவள் கணவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். தெருவில் அவர் பெயர் கண்ணாடிக்காரர். இயந்திரத்தின் முன் குனிந்தபடியே நாளைக் கழித்து, பேசாமலே பழகிவிட்டவர். கல்யாணத்தன்று போட்டோ எடுத்தவன், "மாப்பிள்ளை சார், கொஞ்சம் சிரிங்க" என்று கெஞ்சினான். "சிரிச்சுட்டுதாங்க இருக்கார். இவ்வளவுதான் வரும்" என்றாள் மணப்பெண். கூட்டமே சிரித்தது.

அன்று தொடங்கியதுதான். முடிவெட்டும் கடையில் எவ்வளவு குறைப்பது, செருப்பு எங்கே கடிக்கிறது, கல்யாண வீட்டில் இன்னொரு வாய் சாப்பிடுவாரா மாட்டாரா, எல்லாவற்றுக்கும் அவளே பதில்.

"ஏம்மா, அப்பா வாயைக் குத்தகைக்கு எடுத்திருக்கியா?" என்பாள் மகள்.

"உங்கப்பா சும்மா பூட்டி வச்சிருந்தார்டி. துருப்பிடிக்காம நான் பாத்துக்கறேன்."

கண்ணாடிக்காரர், "ம்" என்பார். அந்த 'ம்' யார் பக்கம் என்று யாராலும் கண்டுபிடிக்க முடிந்ததில்லை.

ஒரு காலையில் அவர் படுக்கையிலிருந்து எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "தலை சுத்துதா?" என்றாள் ரேடியோ அக்கா. அவர் தலையசைத்தார். மகள் போனை எடுத்து, ஆஸ்பத்திரியின் வீடியோ ஆலோசனைக்குப் பதிவு செய்து, போனைத் தண்ணீர் ஜாடியில் சாய்த்து வைத்துவிட்டு வேலைக்கு ஓடினாள். திரையில் ஒரு டாக்டர் வந்தார். அவர் கேட்டார், அக்கா சொன்னாள். தலைசுற்றலுக்கு மாத்திரை எழுதினார். "நல்லா தூங்கட்டும், சரியாயிடும்" என்றார். நேரில் போகாமலே வேலை முடிந்ததில் அக்காவுக்கு நிம்மதி.

அவர் தூங்கினார். சாயங்காலம் கண் திறந்தபோது உடம்பின் வலது பாதி அவர் சொல் கேட்கவில்லை. பேச்சும் வரவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேனைப் பார்த்த டாக்டரம்மா, மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு என்றாள். "காலையிலயே வந்திருந்தா, அடைப்பைக் கரைக்க ஊசி போட்டுப் பாத்திருக்கலாம். இப்ப நேரம் தாண்டிடுச்சும்மா."

வக்கீலைப் பிடித்தது மகள்தான். காலையிலேயே ஏன் நேரில் வரச் சொல்லவில்லை என்று கேட்டு வக்கீலம்மா அனுப்பிய கடிதத்துக்கு, வீடியோவில் பார்த்த ஆஸ்பத்திரி சுருக்கமாகப் பதில் போட்டது. நோயாளியின் மனைவி தெரிவித்த விவரங்களின் அடிப்படையிலேயே ஆலோசனை வழங்கப்பட்டது என்று.

அதைப் படித்த பிறகு ரேடியோ அக்கா கவுன்டரில் ஒடுங்கிப்போனாள். ஊரைச் சொன்னால் பிளாட்பாரத்தை மட்டும் சொன்னாள். "என்னக்கா, ரேடியோவுக்கு பேட்டரி தீர்ந்துடுச்சா?" என்று கேட்ட கண்டக்டர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு டீயை வைத்துவிட்டுப் போனார். டீ ஆறிப்போனது.

வீட்டில் கண்ணாடிக்காரர் சுவர்ப்பக்கம் திரும்பியே படுத்திருந்தார். கோபமா, அசதியா, தெரியவில்லை. அவர் மனசில் இருப்பதைப் பார்க்காமலே சொல்லிவிடுவேன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவளுக்கு இது ஒன்று மட்டும் தெரியவில்லை. கேட்கவும் பயம்.

வீடியோ பதிவை நோயாளிகளுக்குத் தரும் வழக்கம் இல்லை என்றது ஆஸ்பத்திரி. வக்கீலம்மா விடவில்லை. "உங்க வழக்கத்தை யார் கேட்டா? அவரோட முகம், அவரோட உடம்பு, அவரோட சிகிச்சைப் பதிவு. பாக்கறது அவரோட உரிமை" என்று இன்னொரு கடிதம் போட்டாள். பதிவு வந்தது.

அதை மடிக்கணினியில் எடுத்துக்கொண்டு வக்கீலம்மா வீட்டுக்கே வந்தாள். அக்கா அவளைச் சமையலறைக்குக் கூட்டிப்போய்க் குரலைத் தாழ்த்தினாள்.

"அவருக்குப் போட்டுக் காட்டித்தான் ஆகணுமா? புகார்ல அவர் சார்பா நானே கையெழுத்து போட்டுடறேனே."

"முடியாதும்மா. அவருக்கு நினைவு தெளிவா இருக்கு, சொல்றது எல்லாம் புரியுது. புகார் அவரோடது. வேணுமா வேண்டாமான்னு அவர்தான் சொல்லணும்."

"அவர் எப்படிம்மா சொல்லுவார்?"

"சொல்லுவார். நாம பொறுமையா இருக்கணும், அவ்வளவுதான்."

கண்ணாடிக்காரரைத் தலையணை வைத்து நிமிர்த்தி உட்கார வைத்தார்கள். மடிக்கணினி ஸ்டூலில் ஏறியது.

அன்று போனில் டாக்டர் பெரிதாகவும் இவர்கள் மூலையில் தபால்தலை போலவும் தெரிந்தார்கள். டாக்டர் பக்கத்துத் திரையில் எடுத்த இந்தப் பதிவில் அது தலைகீழ். இந்த அறை, இந்தக் கட்டில், பக்கத்தில் உட்கார்ந்து திரையையே பார்க்கும் அக்கா, எல்லாம் பெரிதாக இருந்தன. டாக்டர் மூலையில், குனிந்து தட்டச்சு செய்துகொண்டிருந்தார்.

"ஐயாவுக்கு என்ன பண்ணுது?"

"தலை சுத்துது டாக்டர். ராத்திரி சரியாத் தூங்கலை. கடையில குனிஞ்சே வேலை பாக்கறார், கழுத்தெலும்பு தேஞ்சிருக்குமோ என்னவோ. நேத்தும் சரியா சாப்பிடலை."

தன் குரலைக் கேட்க அக்காவுக்கே கூசியது. எவ்வளவு உற்சாகமாக இருக்கிறது அந்தக் குரல்.

"வாந்தி?"

"இல்லை டாக்டர்."

"வேற ஏதாவது தொந்தரவு இருக்கா?"

அப்போதுதான் திரையில் கண்ணாடிக்காரர் அசைந்தார். இடது கையால் தன் வலது கையின் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கினார். ஈரத்துணியைத் தூக்குவது போல. அதைக் கேமராவுக்கு நேராக நீட்டிக் காட்டினார். வாய் ஒரு பக்கமாகத் திறந்தது.

"வேற ஒண்ணும் இல்லை டாக்டர்" என்றாள் திரையில் இருந்த அக்கா, அவர் பக்கம் திரும்பாமல்.

அவர் பிடியை விட்டார். கை மடியில் விழுந்தது. இன்னொரு தடவை தூக்கினார். மூலையில் டாக்டர் தலை நிமிரவில்லை. "மாத்திரை எழுதியிருக்கேன்" என்றார்.

வக்கீலம்மா பதிவை நிறுத்தினாள்.

"பக்கத்துலதானே உக்காந்திருந்தேன் நான்" என்றாள் அக்கா. "கையை நீட்டினா தொடற தூரம்."

"அம்மா, கேளுங்க. நீங்க டாக்டர் இல்லை. பாக்க வேண்டியது அவர் வேலை. ஒரு தடவை ஐயாவைப் பேசச் சொல்லியிருக்கணும். ரெண்டு கையையும் தூக்கச் சொல்லியிருக்கணும். வீடியோல முடிவு பண்ண முடியலைன்னா, உடனே நேர்ல வாங்கன்னு சொல்லியிருக்கணும். கூட இருக்கறவங்க சொன்னாங்கன்னு கைகழுவிட முடியாது. நான் வாதாடப்போறதே அதைத்தான்."

அக்கா தலையாட்டினாள். அது அவளுக்குப் புரிந்தது. புரிந்ததால் அந்தக் கை மடியில் விழுந்தது விழாமல் போய்விடவில்லை.

வக்கீலம்மா கட்டிலருகே குனிந்தாள். "ஐயா, புகாரை மேல கொண்டு போகட்டுமா? விசாரணையில இந்தப் பதிவை எல்லாரும் பாப்பாங்க. உங்களுக்குச் சம்மதமா?"

அக்காவின் நாக்கு நுனிக்குப் பதில் வந்துவிட்டது. கீழுதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அவர் வெகுநேரம் அணைந்த திரையையே பார்த்தார். பிறகு வக்கீலம்மாவைப் பார்த்தார்.

"ம்" என்றார்.

இந்த 'ம்' யார் பக்கம் என்பதில் சந்தேகம் இருக்கவில்லை. வக்கீலம்மா புகார்த் தாளை நீட்டி, அவரது இடது கையில் பேனாவைக் கொடுத்தாள். கோடு கோணிக்கொண்டு போனது. அவர் தானே முடித்தார்.

வக்கீலம்மா மடிக்கணினியை மூடிப் பையில் வைத்தாள். அக்கா எழுந்திருக்கவில்லை. கட்டிலின் வலது பக்கமாக நகர்ந்து, உணர்வில்லாத அந்தக் கையை எடுத்துத் தன் இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் அவள் எத்தனையோ கேட்டிருக்கிறாள். பதிலுக்காக நின்றதில்லை.

"என்னங்க, என் மேல கோவமா?"

அவர் முகம் மெதுவாக அவள் பக்கம் திரும்பியது. வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. கண் கலங்கியது, மறுபடி முயன்றார். பார்க்கப் பொறுக்காமல் வக்கீலம்மா கதவருகே நின்று, "விடுங்கம்மா, அவருக்கு உங்க மேல எதுக்குக் கோவம், அவர்..." என்று ஆரம்பித்தாள்.

ரேடியோ அக்கா திரும்பாமலே ஒரு கையை உயர்த்தி அவளைத் தடுத்தாள்.

"நீங்க பேசாதீங்கம்மா. அவர் சொல்லட்டும்."

அவர் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. அவள் அவற்றையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.