இரண்டாம் முறை எழுதியவர்கள்

மொரீஷியஸில் கான் தெ மாஸ்க் என்ற ஊருக்கு அருகே இருந்த பின்னலாடைத் தொழிற்சாலையில் அம்புஜத்தை ஒருவருக்கும் பிடிக்காது. ஆள் எடுப்பதும் நிறுத்துவதும் அவள் பொறுப்பு. அவளுக்கும் யார் மேலும் பெரிய ஒட்டுதல் கிடையாது. ஆனால் வெங்கடசுப்பிரமணியனை வெறுத்த மாதிரி அவள் யாரையும் வெறுத்ததில்லை.

அவர் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்க இந்தியாவிலிருந்து வந்தவர். வந்த மறு வருஷமே கோயில் கூடத்தில் நினைவாற்றல் வகுப்பு தொடங்கிவிட்டார். அவர் எண்களை வரிசையாகச் சொல்வார். கேட்டவர்கள் தலைகீழாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். வரிசை நீள நீள அறிவும் வளரும் என்பார். முதலாளி எட்மோன் அதில் மயங்கிப்போனார். ஐரோப்பாவிலிருந்து ஆர்டர் குவிந்துகொண்டிருந்த எண்பத்தேழாம் வருஷம் அது. மேற்பார்வைக்கு ஆள் போதவில்லை. அந்த வேலைக்கு வைக்கும் அறிவுத் தேர்வில் தொழிற்சாலைப் பெண்கள் கொஞ்சத்தில் தவறிவிடுகிறார்கள். பயிற்சி கொடுத்தால் ஏற்றிவிடலாம் என்றார் வெங்கடசுப்பிரமணியன்.

அவர் தொழிற்சாலைக்கு வந்த முதல் நாளே அம்புஜம் அவரிடம் தமிழில் பேசிப் பார்த்தாள். வீட்டில் க்ரெயோல், ஆபீசில் பிரெஞ்சு; தமிழ் அவளுக்குக் கோயில் பாட்டோடு சரி.

"சார், இந்தத் தேர்வு... அதே தேர்வு, ரெண்டு தடவை எழுதினா... மார்க் வரும் இல்ல? சும்மாவே?"

அவர் சிரித்தார். "முதல்ல ஒரு வாக்கியத்தை முழுசாச் சொல்லப் பழகுங்க மேடம். அப்புறம் என் பயிற்சியைப் பத்திப் பேசலாம்."

பக்கத்தில் நின்ற குமாஸ்தா பாட்ரிக்குக்குத் தமிழ் தெரியாது. சிரிப்பு தெரிந்தது. அவனும் சிரித்தான்.

மறுநாள் அவள் தேர்வில் தவறிய பெண்களைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்தாள். பாதிப் பேர் வகுப்புக்கு. மீதிப் பேருக்கு அடுத்த தடவை என்று சொல்லிவிட்டாள். ஆனால் பயிற்சி முடிந்ததும் இரு பாதியையும் உட்காரவைத்து அதே தாளை எழுதச் சொன்னாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

வகுப்பில் முதலாவதாக நின்றவள் மார்லென். மற்ற பெண்கள் அவள் சொன்னால் கேட்பார்கள். முன்பு மயிரிழையில் தவறியவள் இம்முறை தேறிவிட்டாள். எட்மோன் கேக் வாங்கிவரச் சொன்னார். எல்லோரும் சாப்பிட்டு முடிக்கும்வரை அம்புஜம் காத்திருந்தாள். பிறகு பிரெஞ்சில் தொடங்கினாள்.

"வகுப்புக்கே போகாதவர்களுக்கும் இதே அளவு மார்க் ஏறியிருக்கிறது, மிசியே. ஒரே தாளை மறுபடி எழுதினால் யாருக்கும் ஏறும். போன வாரம் எல்லோருக்கும் வேறொரு புதிர்த் தாள் கொடுத்தேன். அதில் போனவர்களும் போகாதவர்களும் ஒன்றுதான். இவர்கள் எண்களைத் திருப்பிச் சொல்லப் பழகியிருக்கிறார்கள். அதைத் தவிர எதுவும் வளரவில்லை."

வெங்கடசுப்பிரமணியனின் முகம் கறுத்துவிட்டது. அவர் தமிழுக்கு மாறினார். "என் மேல உங்களுக்கு என்னம்மா விரோதம்?"

"விரோதம் இருக்கு. கணக்கும் சரி."

அவரை அன்றே அனுப்பிவிட்டார் எட்மோன். அம்புஜம் நிம்மதியாக மூச்சு விட்டாள். அப்போதுதான் எட்மோன் சொன்னார்: "அப்படியானால் மார்லெனின் மார்க்கும் பொய்தானே. பழைய மார்க்கே இருக்கட்டும். மேற்பார்வை வேலை அவளுக்கு இல்லை."

இதை அவள் யோசித்திருக்கவில்லை. "மேற்பார்வைக்கு ஆள் பார்க்க அந்தத் தேர்வே உதவாது, மிசியே. அவள் நல்ல வேலைக்காரி."

"அந்தத் தேர்வைக் காட்டித்தானே நீங்கள் அவரை விரட்டினீர்கள்?"

சாயங்காலம் பஸ்ஸுக்குப் போகிற வழியில் மார்லென் அவளை மறித்தாள். க்ரெயோலில்தான் பேசினாள், குரலை உயர்த்தாமல்.

"நான் முட்டாள்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டீங்க, மதாம்."

"அப்படிச் சொல்லல. அந்தப் பயிற்சி பொய்னுதான் சொன்னேன்."

"வேலை உயர்ந்துடுச்சுன்னு எங்கம்மாவுக்கு ஆள் விட்டுச் சொல்லியாச்சு. இப்ப வீட்டுக்குப் போய் என்ன சொல்ல? கணக்கு சரியாப் போச்சுன்னா?"

"மிசியேகிட்ட மறுபடி பேசறேன்."

"எனக்காகப் பேசாதீங்க. அந்த ஆளை அடிக்கணும்னு உங்களுக்கு ஆத்திரம். அடிச்சீங்க. பட்டது எனக்கு."

மார்லென் சொன்னதில் பாதியாவது உண்மை என்று அம்புஜத்துக்குத் தெரிந்தது.

மார்லென் அந்த மாதமே நின்றுவிட்டாள். மாயெபூர் பக்கம் ஒரு ஹோட்டலில் துணி வெளுக்கும் இடத்தில் சேர்ந்ததாகக் கேள்வி. வெங்கடசுப்பிரமணியன் ஊர் மாறி, ஆறாம் வகுப்புத் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு அதே நினைவாற்றல் வகுப்பு வைத்தார். பெற்றோர்கள் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். அம்புஜத்தின் தங்கை கமலாட்சியும் மகளைச் சேர்த்தாள். அது வீண் என்று விளக்கப் போனவளிடம், "அக்கா, அந்த மனுஷன் மேல உள்ள பொறாமை உனக்கு இன்னும் தீரலையா?" என்று கேட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மேற்பார்வைக்கு எட்மோன் மனைவியின் உறவுக்காரி ஜோசெட் வந்தாள். முதல் நாள் அவளைக் கூட்டிப்போய்க் கூடத்தைக் காட்டியது அம்புஜம்தான். எந்திரங்களில் இருந்த பெண்கள் ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஏதோ தேர்வு எழுதணும்னு சொன்னாங்களே," என்றாள் ஜோசெட்.

"நீ எழுத வேண்டாம்," என்று அம்புஜம் மேற்பார்வைக்காரர்கள் போடும் நீலக் கோட்டை அவள் கையில் கொடுத்தாள். "மிசியே சொல்லிட்டார்."