கணவாய் முட்டை லேபிள்

1973ஆம் ஆண்டு ஆடி மாதத்திலிருந்து, யாழ்ப்பாணக் கரையிலுள்ள குருநகர் மக்டலீன் தூரிகையால் கீறிய லேபிள் ஒட்டிய போத்தல்களில் கடல் பெருகும்போது வைன் கழுத்துவரை ஏறியது, கடல் வற்றும்போது பாதிக்கு இறங்கியது. கடைசித் துளிவரை குடித்துவிட்டால் மட்டும் போத்தல் வெறுமையாகவே கிடக்கும். துளி மிச்சம் விடுகிற மனிதர் எங்கள் பக்கத்தில் இல்லாதபடியால் வியாபாரம் கெடவில்லை.

மக்டலீன் அதற்கு முன்பு மீன்பிடி வள்ளங்களில் புனிதர்களின் பெயர் எழுதிக்கொண்டிருந்தாள். எல்லாம் சொந்தக்காரரின் வள்ளங்கள். "எங்கடை பிள்ளைதானே" என்பதுதான் கூலி. வெளிநாட்டுச் சாமான் வருவது நின்று, அரியாலையிலும் புத்தூரிலும் முந்திரிகைக் கொடி நட்டவர்கள் பழத்தைப் பிழிந்து வைன் போடத் தொடங்கிய காலம் அது. அந்தப் போத்தல்களுக்கு லேபிள் கீறி, ஒருவருக்கும் கீழே இல்லாமல் வீட்டிலிருந்தே பிழைக்கவேண்டும் என்று அவளுக்கு ஆசை பிடித்தது. போன இடமெல்லாம் முன்பு செய்ததைக் காட்டச் சொன்னார்கள். வள்ளத்தைப் பஸ்ஸில் ஏற்ற முடியுமா? கோயில் பெருநாள்வரைக்கும்தான் பொறுப்பேன், பிறகு நீ இறால் கொம்பனியில் கோது உரிக்கப் போகவேண்டும் என்று தமையன் யாகோப்பு சொல்லிவிட்டான்.

ஆகவே அவள் யாரும் போடாத வைன்களுக்கெல்லாம் தானே பெயர் வைத்து லேபிள் கீறினாள். வெறும் போத்தல்களில் நிறத்துக்காகத் தேத்தண்ணி ஊற்றி, லேபிள்களை ஒட்டி, ஓலைப் பையில் அடுக்கிக்கொண்டு, பெருநாளுக்கு முதல்நாள் அரியாலையில் சோமசேகரத்தின் முந்திரிகைத் தோட்டத்துக்குப் போனாள்.

சோமசேகரம் பார்த்துவிட்டுச் சிரித்தார். "பிள்ளை, நீர் எப்பவாவது முந்திரிகைக் குலை கண்டனீரோ?"

"இல்லை ஐயா."

"அப்ப உது என்ன?"

அவள் கண்ட கறுத்த குலை ஒன்றுதான்: மீன்கூட்டில் ஒட்டிக்கொண்டு வருகிற கணவாய் முட்டைக் குலை. தண்ணீருக்குள் அசைகிற மாதிரி அதையே கீறியிருந்தாள். தலைக்கு மேலே உண்மையான குலைகள் தொங்கின. வெட்கத்தில் அவளுக்கு அழுகை வந்தது. அந்நேரம் பார்த்துக் கடல் பெருகத் தொடங்கியது. போத்தல்களில் தேத்தண்ணி மெல்ல ஏறி, தக்கைகளைத் தள்ளிக்கொண்டு சோமசேகரத்தின் வேட்டியில் வழிந்தது. அவர் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். வெறும் தேத்தண்ணிதான், ஆனாலும் ஏறுகிற தேத்தண்ணி.

"உதையே எனக்கும் கீறித் தாரும். நாளைக்கே இஞ்சை வேலைக்கு வாரும்," என்றார்.

"கீறித் தாறன் ஐயா. வேலைக்கு வரமாட்டன். மற்றவைக்கும் கீறவேணும்."

அழுத கண் காயமுன்னே அப்படிச் சொன்னாளே, அதைத்தான் குருநகரில் இன்றைக்கும் அதிசயம் என்கிறார்கள்.

பிறகு கரவெட்டியிலிருந்தும் கொழும்பிலிருந்தும் ஆட்கள் வந்து அவள் வாசலில் நின்றார்கள். ஒருவர் கேட்டாரென்று அசல் முந்திரிகைக் குலை கீறிக் கொடுத்தாள். அந்தப் போத்தல்கள் ஏறவுமில்லை, விலைப்படவுமில்லை. மலைநாட்டு நுவரெலியாவில் விற்ற வைன்கூடக் குருநகர்க் கடலுக்கே ஏறி இறங்கியது. இங்கே வள்ளம் தள்ளுமுன் ஆட்கள் அலுமாரியைத் திறந்து போத்தலில் கடலைப் பார்த்தார்கள்.

1981இல் வீடு வீடாக ஆள் எண்ணும் குடிசன மதிப்புக்கு வந்த உத்தியோகத்தர், மக்டலீனுக்கு என்ன வேலை என்று கேட்டார். யாகோப்பு முந்திக்கொண்டான்.

"லேபிள் கீறுறா."

"ஆரிட்டை வேலை?"

"ஒருத்தரிட்டையும் இல்லை. எல்லாரும் இவவிட்டைத்தான் வருவினம்," என்றான், ஏதோ தானே அப்படி ஆளாக்கிவிட்டவன்போல.

மக்டலீன் ஒரு போத்தலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "இப்ப கடல் வத்து. பெருகட்டும், ஒரு கிளாஸ் குடிச்சிட்டுப் போங்கோ."

உத்தியோகத்தர் தலையாட்டிவிட்டுப் போய், மற்ற வீடுகளையும் எண்ணி முடித்துக்கொண்டு, கடல் ஏறுகிற நேரத்துக்குத் திரும்பி வந்தார்.